கப்பல் காவடி

கோவிந்தம்மாள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவர மறந்துபோன சீர்வரிசைகளில் பொறுமையும் ஒன்று. அரிசி களைவதற்கு முன்பே அவள் அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருக்கும். மேகம் கூடும் முன்பே விறகு வீட்டுக்குள் வந்திருக்கும். திருப்பதிக்குப் பஸ் ஏறினால், பஸ் கிளம்புவதற்குள் இறங்கிப் போய் டிரைவரைத் தேடிப் பிடித்து இழுத்து வருவாள். இப்படிப்பட்டவளுடைய ஒரே பிள்ளை போயும் போயும் கப்பல் வேலைக்குப் போனான் பாருங்கள், அதுதான் அவள் புருஷன் கண்ணையனுக்கு வந்த சோதனை.

கண்ணையன் திருத்தணி மலையடித் தெருவில் குழித்தறி போட்டுக் கைலி நெய்கிறவர். மகன் இளங்கோவனுக்குத் தறிக் குழியில் கால் தரிக்கவில்லை. மெட்ராஸ் துறைமுகத்துக்கு ரயிலில் தினம் போய் வந்து கூலி வேலை பார்த்தவன், யாரையோ பிடித்துச் சரக்குக் கப்பலில் கயிறும் சங்கிலியும் இழுக்கிற கலாசியாகச் சேர்ந்துவிட்டான். கடலையே கண்ணால் கண்டறியாத தெருவுக்கு அது பெரிய அதிசயம். துறைமுகத்துக்குத் துறைமுகம் ஒரு கார்டு போடுவான். 'நான் நலம். இங்கே மீன் நன்றாக இருக்கிறது' என்று எழுதுவான். பங்குனியில் பம்பாயிலிருந்து கப்பல் படம் போட்ட கார்டு ஒன்று வந்தது. அதோடு சரி. சித்திரை போயிற்று, வைகாசி போயிற்று, ஆனியும் பாதி போயிற்று. தபால்காரர் அந்தத் தெருவுக்குள் நுழையவே பயந்தார். கோவிந்தம்மாள் ஓடி வந்து அவருடைய பைக்குள்ளேயே கையை விட்டுத் துழாவுவாள்.

அப்புறம் ஒரு நாள் டீக்கடை ரேடியோவில் சொன்னார்கள்: அரபிக் கடலில் புயலாம், ஒரு சரக்குக் கப்பலைக் காணவில்லையாம். கோவிந்தம்மாளின் தம்பி சிங்காரம் அன்றைக்கே மெட்ராஸ் போய்க் கப்பல் ஆபீசில் விசாரித்தான். "தகவல் ஒண்ணும் இல்ல, வந்தா சொல்றோம்" என்றார்களாம். வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருப்பது என்பார்களே, அன்றிலிருந்து அந்த வீட்டில் அதுதான் நடந்தது.

கோவிந்தம்மாள் நேரே மலைக்கு ஓடினாள். "என் புள்ள உசுரோட வூடு வந்து சேர்ந்தா, ஆடிக் கிருத்திகைக்கு உனக்குக் கப்பல் காவடி எடுக்கறேன்டா முருகா" என்று சந்நிதியில் நின்று கத்தினாள். கண் நோவு தீர்ந்தால் கண்மலர் வைப்பார்கள், குழந்தை பிறந்தால் தொட்டில் கட்டுவார்கள், அதெல்லாம் வழக்கம்தான். காவடியில் கப்பல் செய்து வைத்துத் தூக்க நேர்ந்தவர்கள் அந்த மலையில் அதுவரை யாரும் இல்லை. அதுகூடப் பரவாயில்லை. மலை இறங்கி வந்தவள், முதுகு வேர்வை காய்வதற்குள் புருஷன் முன்னால் வந்து நின்றாள்.

"இன்னாங்க, கப்பலக் கட்ட ஆரம்பிங்க."

"யாரு, நானா?"

"பின்ன, நானா கட்டுவேன்? ஆடி பொறக்கப் போவுது."

கண்ணையன் தறியை நிறுத்தினார். "அவன் வந்தப்புறம்தானடி செய்யணும்? நேந்துகினது அப்படித்தானே?"

"வந்தப்புறம் கட்டிகினு இருந்தா கிருத்திகைக்கு ஆவுமா? கப்பல் கண்ணு முன்னால நின்னாத்தான் முருகனுக்கும் ஒரு சொரணை வரும். 'அடடா, இவ சொன்ன மாதிரி செஞ்சிகினு கீறா, நாமும் நம்ம வேலையப் பாப்போம்'னு தோணும்."

கண்ணையனுக்கு அது அபசகுனமாகப் பட்டது. அந்தத் தெருவில் பிள்ளை பிறக்கும் முன்னால் தொட்டில் வாங்க மாட்டார்கள், ஒரு சட்டைத் துணிகூட வெட்ட மாட்டார்கள். வராத பிள்ளைக்கு நேர்த்திக்கடனை முன்கூட்டியே செய்து வைப்பதும் அதைப் போலத்தானே? ஆனால் அவள் முகத்தைப் பார்த்தபின் அதைச் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. அவருக்கும் கை சும்மா இருக்க மாட்டேன் என்றது, அதுதான் நிஜம். தறியில் உட்கார்ந்தால் இழை அறுந்தது. முடிச்சுப் போட்டு நெய்தால் மறுபடி அறுந்தது. தறியிலிருந்த கைலி முடிச்சும் மொடிச்சுமாக அம்மை வார்த்த உடம்புபோல ஆகியிருந்தது. அதை எந்த நெசவாளர் சொசைட்டியில் கொண்டுபோய்க் கொடுப்பது?

தறியில் குறுக்கே ஓடும் நாடாக் கட்டையைத் தவிரக் கப்பல் வடிவத்தில் வேறு எதையும் அவர் கையால் தொட்டதில்லை. பம்பாய்க் கார்டைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்துச் செய்தார். பழைய தறியில் ஒடிந்து கிடந்த கட்டை, அடிக்கட்டை ஆயிற்று. அதன்மேல் மீன் முள்ளைப்போல இரண்டு பக்கமும் விலாச் சட்டங்களை நிறுத்தினார். விலாவின்மேல் போர்த்தும் பலகைக்குச் சிங்காரம் வழி செய்தான். அவன் பவர்லூம் போட்டிருக்கிறான். மெஷின் சாமான் வந்த பெட்டிகளைக் கொண்டுவந்து போட்டான். கண்ணையன் அந்தப் பலகைகளை விரல் அகலத்துக்கு நீள நீளமாக அறுத்து, கண்ணாடிச் சில்லால் சுரண்டிச் சுரண்டி மெல்லிசாக்கினார்.

சிங்காரத்துக்கு வாய் சும்மா இருக்குமா? "ஏன் பாவா, அவன் போனது இரும்புக் கப்பல், நீ கட்றது மரக் கப்பல். முருகனுக்கு அடையாளம் தெரியுமா?" என்றான்.

உள்ளேயிருந்து பதில் வந்தது: "ஆறு மூஞ்சி, பன்னெண்டு கண்ணு வெச்சிகினு கீறான். ஒரு கண்ணுகூடவா கண்டுக்காது? போடா, போயி உன் லூம ஓட்டு!"

பலகை சும்மா வளையாது. நேராக வைத்து அமுக்கினால் படீரென்று முறியும். நூலுக்குச் சாயம் போடும் அண்டாவில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, அதில் பலகைகளை ஊறப்போட்டு, சூட்டோடு எடுத்து வளைத்தார் கண்ணையன். அண்டாவில் ஒட்டியிருந்த பழைய சிவப்புச் சாயம் பலகையில் ஏறிக்கொண்டது. கப்பல் பாதி சிவப்பு, பாதி வெளுப்பு என்று திட்டுத்திட்டாக நின்றது. ஒட்டுவதற்குத் தச்சர்கள் வைக்கும் வச்சிரப் பசையை வாங்கி வரலாம் என்றால் கோவிந்தம்மாள் குதித்தாள்.

"அது மாட்டுத் தோல காச்சிப் பண்றது. அத எட்த்துகினு சாமி மலைக்கு ஏறுவீங்களா நீங்க?"

சரி என்று தறியில் ஏற்றும் பாவு நூலுக்குப் போடும் அரிசிக் கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சித் தடவினார். நெசவாளிக்குத் தெரிந்த பசை அதுதானே! வெயில் ஏறியதும் பலகைகள் டப் டப் என்று தெறித்து விழுந்தன. அப்புறம் புளியங்கொட்டையை வறுத்து ஊறவைத்து அரைத்துப் பசை காய்ச்சினார். அது பிடித்தது. பிடித்த இடத்தில் துளை போட்டு, மூங்கில் குச்சியை ஆணியாகச் சீவி அடித்தார். ஆனால் பசை காயும் வரைக்கும் பலகையை விலாவோடு யார் பிடித்துக்கொண்டிருப்பது? நூலால் கட்டினால் வழுக்கியது. அவர் முழிப்பதைப் பார்த்த கோவிந்தம்மாள் தலையிலிருந்த கொண்டை ஊசிகளைப் பிடுங்கி அவர் முன்னால் போட்டாள். ஊசியின் ஒரு கால் பலகைக்கு வெளியே, ஒரு கால் விலாவுக்கு உள்ளே. கச்சிதமாகக் கவ்விக்கொண்டது.

அன்று முதல் அவள் தலை அவிழ்ந்துதான் கிடந்தது. அவிழ்ந்த தலையோடு ஸ்டேஷனுக்கு ஓடுவாள். மெட்ராஸ் வண்டி வந்து நின்றால், கடைசி ஆள் இறங்கும்வரை பிளாட்பாரத்தில் நிற்பாள். வந்ததும் "எவ்ளோ ஆச்சு?" என்று கப்பலைப் பார்ப்பாள். மறுபடி வாசலுக்கு ஓடுவாள். காலில் வெந்நீர் கொட்டிய மாதிரி அவள் அலைவதைப் பார்க்கப் பார்க்கக் கண்ணையனுக்கு இன்னும் பதறும். "ஒரு எடத்துல குந்தித் தொலையேன்டி" என்பார். அவரே தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போய்த் தெருமுனையை எட்டிப் பார்த்துவிட்டு வருவார். அதை அவள் பார்க்காதவள் மாதிரி இருந்துகொள்வாள்.

தப்பு நடந்தது இந்த அவசரத்தில்தான். துணி நெய்கிறவன் புத்தி எப்படிப் போகும்? ஒரு முனையில் ஆரம்பித்தால் விடாமல் நெய்துகொண்டே போய் மறுமுனையில் நிற்க வேண்டும். கண்ணையனும் அப்படித்தான் செய்தார். கப்பலின் வலப்பக்கத்தை மேலிருந்து ஆரம்பித்து, ஒரு பலகைக்கு அடுத்து ஒரு பலகையாக, சந்து தெரியாமல் அடி வரைக்கும் அழகாக அடைத்து முடித்தார். இடப்பக்கம் வெறும் விலாவாக நின்றது. "ஒரு பக்கம் முடிஞ்சிபோச்சி, இன்னொரு பக்கம்தான் பாக்கி" என்று பெருமையாகச் சொல்லி, வெயிலில் காயவைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

சாப்பிட்டுக் கை கழுவி வந்து பார்த்தால், கப்பல் வளைந்திருந்தது. ஊறின பலகை காயக் காயச் சுருங்கி, அடிக்கட்டையையே வலப்பக்கமாக இழுத்துவிட்டது. மூக்கு ஒரு பக்கம், வால் ஒரு பக்கம் திரும்பி, நடுவில் பூசணிக்கீற்று மாதிரி கோணிக்கொண்டு சாய்ந்து கிடந்தது. பின்னாலேயே வந்த கோவிந்தம்மாள் அதைப் பார்த்தாள்.

"சாஞ்சிடுச்சி" என்றாள். அவ்வளவு மெதுவாக அவள் பேசிக் கண்ணையன் கேட்டதே இல்லை.

"பலகதான்டி. காஞ்சி இழுத்துகிச்சி."

"கப்பல் சாஞ்சிடுச்சிங்க." அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "என் புள்ள கப்பல் சாஞ்சிடுச்சி."

கண்ணையனுக்கு உள்ளுக்குள் அதே நினைப்புதான். தொட்டிலை முன்கூட்டி வாங்கின கதையாகிவிட்டது என்று அவருடைய மனசு அடித்துக்கொண்டது. அந்தப் பயமெல்லாம் கோபமாக வெளியே வந்தது. "எல்லாம் உன்னாலதான்! அவன் வர்றதுக்கு முன்னால கட்டு கட்டுன்னு உசுர எட்த்தே. ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்குதா? அனுபவி!"

அவளும் விடவில்லை. அழுகையும் ஆத்திரமுமாக வெடித்தாள். "நானா ஒரே பக்கமா அடைக்கச் சொன்னேன்? காவடியப் பாத்ததே இல்லியா நீங்க? வருஷா வருஷம் வாசல்ல போவுதே! ஒரு பக்கம் மட்டும் சொம்பக் கட்டித் தொங்கவுட்டா தோள்ல நிக்குமா? கவுந்துதான் போவும்! இந்தப் பக்கம் ஒண்ணு கட்டினா அந்தப் பக்கம் ஒண்ணு கட்டணும். இதுகூடத் தெரியாம ஒரு ஆம்பள!"

சொல்லிவிட்டு அவள் அடுப்படியில் போய் விழுந்தாள். கண்ணையன் அவள் சொன்ன காவடியையே நினைத்துக்கொண்டு கப்பலைத் தூக்கினார். அண்டாவைக் கழுவினார். தண்ணீரைச் சுட வைத்து, கப்பலின் வலப்பக்கத்தை அதில் அமிழ்த்திப் பசையை இளக்கி, மூங்கில் ஆணிகளை ஒவ்வொன்றாகக் குடைந்து எடுத்து, அத்தனை பலகையையும் பிரித்துப் போட்டார். அடிக்கட்டையைத் தறிக் கட்டையோடு வைத்து இறுகக் கட்டி நிமிர்த்தினார். அப்புறம் மேலிருந்து ஆரம்பித்தார். இந்தப் பக்கம் ஒரு பலகை. அதற்கு நேராக அந்தப் பக்கம் ஒரு பலகை. இரண்டும் காய்ந்த பிறகுதான் அடுத்தது.

கோவிந்தம்மாள் அடுப்படி வாசலிலிருந்து பார்த்தாள். எழுந்து வந்து ஊசிகளைப் பொறுக்கி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள்.

ஆடி பிறந்தது. கப்பல் கோணாமல் நின்றது. ஊருக்குள் காவடிக் கூட்டம் வர ஆரம்பித்தது. மஞ்சள் துணியும் அரோகராவுமாகத் தெரு நிறைந்தது. ஆனால் பிள்ளை வரவில்லை. கப்பல் முடிய முடியக் கண்ணையனுக்குப் பயம்தான் கூடியது. முடிந்துவிட்டால் அப்புறம் கைக்கு என்ன வேலை? பிள்ளை வராமல் கப்பல் மட்டும் முடிந்து நின்றால் அதை எடுத்துக்கொண்டு எந்த முகத்தோடு மலை ஏறுவது? வேண்டுமென்றே மெதுவாகச் சுரண்டினார். அவளோ "சீக்கிரம், சீக்கிரம்" என்று பிடுங்கினாள்.

கிருத்திகைக்கு இரண்டு நாள் முன்னால், அசுவினி அன்று, கடைசிக்கு முந்தின பலகை. கப்பல் மூக்குப் பக்கம் வளைவு அதிகம். சுற்றிலும் அடைத்துவிட்டதால் ஊசி உள்ளே போக இடமில்லை. கோவிந்தம்மாள் ஸ்டேஷனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"இந்தா, இதக் கொஞ்சம் புடி" என்றார் கண்ணையன்.

"வண்டி வந்துடும்ங்க."

"வண்டி தானா வரும். இது தானா ஒட்டாது. ரெண்டு கையாலயும் அமுக்கிப் புடி. பசை இறுகற வரைக்கும் அசையாத. அசைஞ்ச, தெறிச்சி மொறிஞ்சிடும், வேற பலகயும் இல்ல."

வேறு வழியில்லாமல் உட்கார்ந்து பிடித்தாள். தூரத்தில் வண்டி ஊதியது. அவள் கால் கட்டைவிரல் தரையில் தாளம் போட்டது. கண் வாசலுக்கும் பலகைக்கும் ஓடியது. ஆனால் கை அசையவில்லை. தெருவில் ஒரு காவடிக் கூட்டம் பம்பை அடித்துக்கொண்டு போயிற்று. போன கூட்டத்துக்குப் பின்னால் ஒருவன் தகரப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றான். கறுத்து, இளைத்து, தாடியும் மீசையுமாக நின்றான்.

"அம்மா."

கண்ணையன் கையிலிருந்த பசைக் கிண்ணம் கீழே விழுந்தது. கோவிந்தம்மாளின் உடம்பு அப்படியே முன்னால் பாய்ந்தது. பாய்ந்த உடம்பு பாதியில் நின்றது. கை இரண்டும் பலகையின்மேலேயே இருந்தன.

"வுட்டா பிச்சிக்கும்டா" என்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. "வுட்டா தெறிச்சிடும். இங்க வா. நீயே கிட்ட வா. என் ராசா, இங்க வந்து குந்துடா."

"நான் புடிச்சிக்கறேன், நீ வுடு" என்று கண்ணையன் கை நீட்டினார்.

"வேணாம். தொடாதீங்க. கை மாத்தக் கூடாது."

இளங்கோவன் ஒன்றும் புரியாமல் பெட்டியை இறக்கிவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவள் கையை எடுக்காமலே தலையை மட்டும் சாய்த்து அவன் தோளில் முட்டினாள், முகர்ந்தாள், கன்னத்தால் அவன் கன்னத்தைத் தேய்த்தாள். அவன் தன் சட்டைத் துணியால் அவள் முகத்தைத் துடைத்தான். துடைக்கத் துடைக்க நனைந்தது. பசை இறுகும்வரை, ஊரிலேயே பொறுமை இல்லாத அந்தப் பொம்பளை, பெற்ற பிள்ளையைக் கட்டிப் பிடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். கண்ணையனால் அதைப் பார்க்க முடியவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார்.

அப்புறம் என்ன, வீடு கொள்ளாத கூட்டம். சிங்காரம் ஓடி வந்து மருமகனைத் தூக்கிச் சுற்றினான். "புயல்ல மாட்டிகினியாடா?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள்.

"புயலா? நாங்க நின்ன எடத்துல அலகூட இல்ல மாமா" என்றான் இளங்கோவன், வாய் நிறையச் சோற்றோடு. "அரபு தேசத்துல ஒரு துறைமுகம். சரக்கு எறக்க எடமில்லன்னு வெளியவே வரிசைல நிக்க வெச்சிட்டான். ரேஷன் கடை மாதிரி முன்னால அத்தினி கப்பலு. கரைக்கு எறங்க வுடல, அப்புறம் கார்டு எங்க போடறது? நின்னுகினே இருந்தோம்."

"நின்னுகினா இருந்தே?" கோவிந்தம்மாள் கரண்டியை ஓங்கினாள். "நான் இங்க ஓடி ஓடிச் செத்தேன், நீ அங்க நின்னுகினு இருந்தியா? நல்லா நின்னேடா!" கரண்டியால் அவன் முதுகில் ஒன்று வைத்தாள், சிரித்தாள், மறுபடி அழுதாள், மறுபடி சோறு போட்டாள்.

"ஆவணி பொறந்ததும் திரும்பப் போவணும்மா" என்றான் அவன், தட்டைப் பார்த்துக்கொண்டே. "கையெழுத்துப் போட்டுட்டேன்."

இப்போது கத்துவாள் என்று கண்ணையன் காத்திருந்தார். அவள் கத்தவில்லை. மோர் ஊற்றினாள். பாத்திரம் கழுவினாள். மறுநாள் பரணி. அன்றும் அவள் பேசவில்லை. காவடிக்கு வேண்டிய மஞ்சள் துணி, பூ, மயில் பீலி எல்லாவற்றையும் எடுத்து வைத்தாள், அவ்வளவுதான். அவள் ஓடினபோது வராத கலக்கம், அவள் சும்மா இருந்தபோது கண்ணையனுக்கு வந்தது.

கிருத்திகை விடிந்தது. ஒரே ஒரு பலகைக்குத்தான் இடம் பாக்கி. நூலை வைத்து அந்தச் சந்தை அளந்து, பலகையின் இரண்டு முனையையும் கூராகச் சுரண்டி வைத்துப் பார்த்தார். பாவில் இழை உட்காருகிற மாதிரி உட்கார்ந்தது. நழுவாமல் இருக்க, கையில் மிச்சமிருந்த இரண்டு கொண்டை ஊசியை விளிம்புச் சந்தில் ஆப்பு மாதிரி செருகினார். எடுத்துப் பசை தடவி மறுபடி ஒட்டினால் முடிந்தது வேலை. வெளியே பம்பைக்காரர்கள் வந்துவிட்டார்கள். சிங்காரம் காவடித் தண்டுக்குப் பூச் சுற்றிக்கொண்டிருந்தான். கண்ணையன் பசையைச் சூடு பண்ணி எடுத்து வந்தார். அதற்குள் கோவிந்தம்மாள் வந்து கப்பலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒரு ஊசியைப் பிடுங்கினாள். இன்னொன்றையும் பிடுங்கினாள். பலகை கழன்று அவள் மடியில் விழுந்தது.

"இன்னாடி பண்றே?"

"இருக்கட்டும்."

"இன்னா இருக்கட்டும்? இன்னிக்குக் கிருத்திகை. பம்பைக்காரங்க வெளிய நிக்கறாங்க."

"கப்பல் இன்னும் முடியலன்னு சொல்லுங்க." இரண்டு ஊசியையும் பல்லில் கடித்துக்கொண்டு, அவிழ்ந்து கிடந்த தலையைச் சுருட்டிக் கொண்டை போட்டு, ஊசிகளைச் செருகிக்கொண்டாள்.

சிங்காரம் பூவைக் கீழே போட்டான். "அக்கா, வெளையாடாத. நேந்துகினது. புள்ள வந்துட்டான். வெக்கலன்னா சாமி குத்தம் ஆயிடும்."

"இன்னாடா குத்தம்? தர மாட்டேன்னா சொன்னேன்? தரேன்னு சொன்னவ தருவேன். ஆனா இன்னிக்கே கொண்டுபோயி வெச்சிட்டா இன்னா ஆவும், சொல்லு. எனக்கும் முருகனுக்கும் கொடுக்கல் வாங்கல் தீந்துபோவும். இவன் ஆவணில கடலுக்குப் போவான். அப்போ முருகனுக்கு இன்னா கவல? 'என் கப்பல் எனக்கு வந்துடுச்சி, அவ புள்ள எப்படிப் போனா இன்னா'ன்னு மயிலேறிப் போயிடுவான். பாக்கி வெச்சாத்தான்டா கண்ணு வெச்சிகினு இருப்பான்."

கண்ணையன் பசைக் கிண்ணத்தோடு நின்றார். "சாமி கோவிச்சிகினா?" என்றார்.

"கோவமா?" என்றாள் கோவிந்தம்மாள். "எல்லாரோடயும் சண்டயப் போட்டுட்டு, கோவம் தணிஞ்சி வந்து குந்தின மலைங்க இது. வேற மலையா இருந்தா பயப்படுவேன். இங்க குந்திகினு எங்கிட்டயா கோவிச்சிக்கப் போறான்?"

எழுந்தாள். தறியிலிருந்து அறுத்து வைத்திருந்த அந்த முடிச்சுக் கைலியில் ஒரு துண்டைக் கிழித்துப் பலகையைச் சுற்றினாள். மகனுடைய தகரப் பெட்டியைத் திறந்து, சட்டைகளுக்கு அடியில் வைத்தாள்.

"இது முருகனோட பலக. உங்கிட்டத் தர்றேன். இத பத்திரமாத் திருப்பிக் கொண்டாந்து அவன்கிட்ட சேக்கறது உன் பொறுப்பு. உன்னக் கொண்டாந்து எங்கிட்ட சேக்கறது அவன் பொறுப்பு. ஒவ்வொரு வாட்டி வரும்போதும் கொண்டா. கடல் போதும்னு நீ சொல்ற அன்னிக்கு ஒட்டலாம்."

இளங்கோவன் பெட்டியை மூடினான். கோவிந்தம்மாள் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அபிஷேகத்துக்கு வைத்திருந்த பால் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். "வாங்க, வாங்க, வெயில் ஏறுது! கப்பல் எங்கன்னு கேட்டா நான் பேசிக்கறேன்" என்று பம்பைக்காரர்களை விரட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள். சிங்காரம் வெறும் காவடியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினான்.

வீட்டுக்குள் அப்பாவும் பிள்ளையும் நின்றார்கள். கப்பலின் அடிப்பக்கத்தில் அந்த ஒரு விரல் சந்து கறுப்பாகத் தெரிந்தது. கண்ணையன் பசைக் கிண்ணத்தைத் தறி ஓரத்தில் வைத்தார். தண்ணீர் விட்டு இளக்கினால் பாவுக்குக் கஞ்சியாக ஆகும்.

"நைனா" என்றான் இளங்கோவன். "இந்தப் பலக இல்லாம கப்பல் மெதக்காதே."

"மெதக்க வேணாம்டா" என்றார் கண்ணையன். "நீ வர்ற வரைக்கும் இது இங்கியே நிக்கட்டும்."